திறப்பு விழா முடிந்தது, திறப்பு எங்கே?

2009க்குப் பிறகு வன்னியில் தறப்பாள் கொட்டகைக்குள் மீளத் தொடங்கிய பாடசாலைகளுக்குப் படிப்படியாகக் கட்டடங்கள் வந்தன. பெயர்ப்பலகையோடு மலசலகூடங்களும் வந்தன. அவற்றில் சிலவற்றில் இன்று ஆமைப்பூட்டு தொங்குகிறது. திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள்.

கேட்டால், "பிள்ளையள் ஊத்தையாக்கிப் போடுவினம் சேர்." ஊத்தையாகிற இடம்தானே அது! பூட்டி வைத்தால் பளிங்குபோல இருக்கும்தான், பிள்ளை எங்கே போகும்? காலை 7.30 முதல் பகல் 1.30 வரை ஆறு மணி நேரம். பெண்பிள்ளைகள் இதற்கென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனை நாளில் தலையிடி, சிறுநீர்க் கடுப்பு, மலச்சிக்கல் என்று வரிசையில் வருவோரிடம் முதலில் கேட்கவேண்டியது, "இண்டைக்கு எத்தனை தரம் தண்ணி குடிச்சனீங்கள்?"

25 பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம், 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் சிறுநீர் கழிக்கத் தனி இடமும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கணக்கெடுக்கும்போது கட்டடத்தை எண்ணாதீர்கள். கதவு திறக்கிறதா, உள்கொண்டி விழுகிறதா, எட்டும் தூரத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் உண்டா? பெரிய பெண்பிள்ளைகளின் கூடத்தில் மாதவிடாய்த் துணி போட மூடியுள்ள வாளி இருக்கிறதா? இல்லையென்றால் அது கணக்கில் சேராது. ஒருமுறை ஊற்ற 2, 3 லீற்றர் போதும். மோட்டர் பழுதென்றால் ஒரு வாளியும் கோப்பையும் வைத்துவிட்டுப் போங்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலே வர, ஊற்றிய தண்ணீர் இறங்காது. அதை அடைப்பென்று நினைத்துத் தடியால் குத்தி, அடியில் நீர் தேங்கும் வளைவை உடைக்காதீர்கள்.

கிணற்றுக்குக் குளோரின் தூளை அப்படியே கொட்டுவதும் வேண்டாம். 3 மீற்றர் விட்டம், 4 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 28,000 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் பாடசாலை விட்டபிறகு ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் தூள் பழசாயிருக்கலாம். திறந்து வைத்த பையில் வீரியம் இருக்காது.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு. 200 பேருக்குக் குறைந்த பாடசாலையில் எல்லோருக்கும், ஒவ்வொரு வருடமும். வன்னியில் அப்படிச் சின்னப் பாடசாலைகள் நிறைய. ஆசிரியர்மாரே, கண் பார்வை அட்டைக்கு 6 மீற்றரை நாடா பிடித்து அளந்து கோடு போடுங்கள், காலடியால் எண்ணவேண்டாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், விரலால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள். வரிசையில் நிற்கிற பிள்ளை அட்டையைப் பாடமாக்கிவிடும், ஆகவே மற்றவர்களை வெளியே நிறுத்துங்கள்.

பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்று என்று கை கழுவிவிடுகிறோம். பிள்ளை கை கழுவ வழியில்லாவிட்டால் அதே பூச்சி திரும்பி வரும்.

கடைசியாக ஒரு மன்றாட்டம். கண் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த துண்டு புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கிழிகிறது. கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு வேறு. போகவேண்டிய பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியர் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே நாளில் நாலைந்து பேராகச் சேர்த்து, ஒரு பெற்றாரோடு அனுப்பலாமா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேளுங்கள்.