முதல் பிரதிக்குக் கைரேகை கிடையாது

திரைப்படப் பாடல் ஒன்றைப் பின்னணியில் ஒலிக்கவிட்டுக் காணொளியைப் பதிவேற்றினால் சற்று நேரத்தில் உரிமை கோரும் அறிவிப்பு வந்து நிற்கிறது. அவ்வளவு கூர்மையான கணினிகள், நேரலையில் ஒருவன் துப்பாக்கியால் சுடுவதை மட்டும் எப்படிக் கோட்டைவிடுகின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டை அடையாளம் காண்பதும் கொலையை அடையாளம் காண்பதும் ஒரே வேலை என்று அது எடுத்துக்கொள்கிறது. பாட்டு கணினிக்கு ஏற்கெனவே தெரிந்தது. நேரலையோ அந்த நொடி வரை எவரும் பார்த்திராதது.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில், இரண்டு பள்ளிவாசல்களில் ஒருவன் நடத்திய தாக்குதலில் 51 பேர் உயிரிழந்தனர். முதல் பள்ளிவாசலில் நடந்ததை அவன் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். (அவன் பெயரை உச்சரிக்கப்போவதில்லை என்று அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் சொன்னார், இங்கும் அது தேவையில்லை.) அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, 17 நிமிட நேரலை ஓடிக்கொண்டிருந்தபோது அது பார்க்கப்பட்டது 200 முறைக்கும் குறைவு. பார்த்தவர்களில் ஒருவர்கூட அப்போது புகார் அளிக்கவில்லை. நேரலை முடிந்து 12 நிமிடங்கள் கழிந்த பிறகே முதல் புகார் வந்தது. நீக்கப்படும் வரை மொத்தம் ஏறத்தாழ 4,000 பார்வைகள். அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கிய பிரதிகளோ 15 லட்சம். அவற்றில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவேறும்போதே தடுக்கப்பட்டன. 200 பார்வைகளைத் தடுக்க முடியாத அதே நிறுவனம் 12 லட்சம் பிரதிகளை வாசலிலேயே மறித்தது எப்படி என்பதில்தான் வாசகரின் கேள்விக்கான விடை இருக்கிறது.

கைப்பேசி படம்பிடிப்பதும், அது சுருக்கப்பட்டுச் சிறு துண்டுகளாக நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளைச் சென்றடைவதும், அங்கிருந்து பார்ப்பவரின் திரைக்கு வருவதும் பலரும் அறிந்தவை; இந்தப் பயணத்துக்குச் சில நொடிகள் போதும். பிரதிகளை மறிக்கும் வேலையைச் செய்வது ‘ஹாஷ்’ எனப்படும் கைரேகை. ஒரு கோப்பைக் கணக்கில் போட்டு, அதற்கே உரிய ஒரு குறியெண்ணைப் பெறுவது இதன் அடிப்படை. தகவல்களைப் பூட்டிப் பாதுகாக்கும் மறையீட்டியலில் பயன்படும் ஹாஷ் இங்கே உதவாது. அதில் ஒரே ஒரு படப்புள்ளி மாறினாலும் குறியெண் முழுவதுமாக மாறிவிடும் என்பதால், காணொளியின் ஓரத்தில் ஒரு சின்னத்தை ஒட்டியவுடன் ஏமாற்றுபவன் தப்பிவிடுவான். நமக்கு வேண்டியது, மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு படங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தரும் கைரேகை.

ஃபேஸ்புக் 2019 ஆகஸ்ட்டில் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட பிடிக்யூ என்ற முறை இதைச் செய்யும் விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. முதலில் காணொளியிலிருந்து எடுத்த ஒரு சட்டகத்தின், அதாவது ஒற்றை நிலைப்படத்தின், நிறங்களை நீக்கிவிட்டு, வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதை 64 வரிசையும் 64 நிரலும் கொண்ட சிறு கட்டமாகச் சுருக்குகிறார்கள். பிறகு அந்தக் கட்டத்தைக் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். பள்ளியில் முக்கோணவியலில் படித்த அதே கொசைன்தான். அலை ஒரு திசையில் மட்டும் ஓடினால் அதன் வடிவம் கோரைப்பாயின் பட்டைகளைப் போலிருக்கும். இரண்டு திசைகளிலும் ஓடினால் கட்டம்போட்ட துணியைப் போலிருக்கும். அகலமான பட்டைகள் முதல் மிக நெருக்கமான கட்டங்கள் வரை இத்தகைய வடிவங்களை வெவ்வேறு அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எந்தப் படத்தையும் திரும்ப உருவாக்கிவிடலாம். எந்த வடிவம் எவ்வளவு தேவை என்ற பட்டியலே கொசைன் உருமாற்றம்.

இந்தப் பட்டியலில் அகலமான வடிவங்கள் படத்தின் பொது அமைப்பை, அதாவது எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்பதைச் சொல்கின்றன. நெருக்கமான வடிவங்கள் நுணுக்கங்களைச் சொல்கின்றன. மறுபடி சுருக்கினாலும் தரத்தைக் குறைத்தாலும் சிறு எழுத்துகளைப் பொறித்தாலும் பெரும்பாலும் சிதைபவை நுணுக்கங்களே. ஆகவே பிடிக்யூ அகலமான வடிவங்களில் 16க்கு 16, அதாவது 256 எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வீசிவிடுகிறது. அந்த 256 எண்களின் இடைநிலை அளவைக் கண்டுபிடித்து, அதைவிடப் பெரிய எண்ணுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று எழுதினால் 256 பிட் கொண்ட கைரேகை தயார். தொடர்பில்லாத இரண்டு படங்களை ஒப்பிடுவது 256 நாணயங்களைச் சுண்டுவதைப் போன்றது: ஏறத்தாழ 128 இடங்களில் வேறுபடும். வேறுபாடு 31 இடங்களுக்குள் அடங்கினால் இரண்டும் ஒரே படம் என்று கொள்வது வழக்கமான வரம்பு. உண்மையிலேயே அவை நாணயங்களாக இருந்தால் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 8. 31 என்ற எண், சராசரியான 128இலிருந்து 12 திட்ட விலக்கங்களுக்கு அப்பால் இருக்கிறது. தற்செயலாக அங்கே போய் விழும் வாய்ப்பு அனேகமாக இல்லை.

படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? கொசைன் வடிவங்களில், இடவலமாக ஒற்றைப்படை எண்ணிக்கையில் அரை அலைகள் கொண்டவை கண்ணாடியில் பார்க்கும்போது கூட்டல், கழித்தல் குறி மாறும். இரட்டைப்படை எண்ணிக்கையில் கொண்டவை அப்படியே இருக்கும். ஆகையால் படத்தை மீண்டும் தொடாமலே, பட்டியலில் ஒன்றுவிட்டு ஒரு நிரலின் குறியை மாற்றிக் கண்ணாடிப் பிரதியின் கைரேகையைப் பெற்றுவிடலாம். இதை முதன்முறை தாளில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நேரலைக் காணொளியைச் சுருக்கி அனுப்புவதும் பெரும்பாலும் இதே உருமாற்றத்தின் வழிவந்த கணக்குதான். பரப்புவதும் பிடிப்பதும் ஒரே கருவி. இந்தக் கொசைன் உருமாற்றத்தை முன்மொழிந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டபோது, யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்ற வகையில் மதிப்பீட்டாளர் ஒருவர் குறிப்பெழுத, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் தம் மாணவர் நடராஜனுடனும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவுடனும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்து, 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். எளிமையைக் குறையாகக் கருதும் மதிப்பீட்டாளர்கள் இன்றும் குறைந்துவிடவில்லை. இன்று ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் இல்லாத விண்ணப்பத்தை அவர்கள் ஒருமுறைக்கு மேல் புரட்டுவார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

இத்தனை அழகான கைரேகைக்கும் ஓட்டைகள் உண்டு. படத்தின் ஓரங்களை வெட்டினாலோ, தொலைக்காட்சித் திரையில் ஓடுவதைச் சாய்வான கோணத்தில் மறுபடி படம்பிடித்தாலோ அகலமான வடிவங்களே இடம் மாறிவிடும். கிறைஸ்ட்சர்ச் காணொளிக்கு இவ்வாறு பார்வைக்கு வேறுபட்ட 800க்கும் அதிகமான வடிவங்கள் உருவாயின. மீதி 3 லட்சம் பிரதிகள் உள்ளே நுழைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒலியையும் ஒப்பிடத் தொடங்கிய பிறகே பல பிரதிகள் சிக்கின.

ஆனால் பெரிய ஓட்டை கணக்கில் இல்லை. ஒப்பிடுவதற்கு முதலில் ஒரு கைரேகை பதிவாகியிருக்க வேண்டும். நேரலையின் முதல் நிமிடத்துக்கு அது கிடையாது. அங்கே காட்சியைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொள்ளும் கணினி வேண்டும். அதைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான மாதிரிகள் வேண்டும். இத்தகைய மாதிரிகள் நல்லவேளையாக அரிதானவை. கைவசம் எளிதில் கிடைப்பவையோ துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டுகளின் நேரலைகள்; அவற்றுக்கும் உண்மைச் சம்பவத்துக்கும் வேறுபாடு தெரியாமல் கணினி குழம்பிவிடும். அதனால் பின்னர் லண்டன் பெருநகரக் காவல்துறை, துப்பாக்கிப் பயிற்சியின்போது காவலர்களின் உடலில் பொருத்திய கேமராக்களில் பதிவானவற்றை ஃபேஸ்புக்குக்குத் தர ஒப்புக்கொண்டது.

தொலைக்காட்சி நேரலைகளில் சில நொடிகள் தாமதம் வைப்பது பழைய வழக்கம். அதையே இணைய நேரலைக்கும் வைக்கலாமே என்று கேட்டபோது, நாளொன்றுக்குப் பல லட்சம் நேரலைகள் நடப்பதால் பயனில்லை, பயனர்களின் புகாரும் தாமதமாகும் என்று ஃபேஸ்புக் பதிலளித்தது. எல்லோருக்கும் தாமதம் வைப்பதானால் அந்தப் பதில் சரி. புதிதாகத் தொடங்கிய கணக்குகளுக்கு மட்டும் ஒரு நிமிடத் தாமதம் வைப்பதற்கு அது பதிலாகாது என்பது என் எண்ணம். சமையல் குறிப்பு ஒரு நிமிடம் பிந்தி வந்தால் குழம்பு கெட்டுவிடாது. பார்ப்பவரும் காட்டுபவரும் அந்தக் கணத்தில் பேசிக்கொள்வதுதான் வருமானம் என்பதால் நிறுவனங்கள் இதை விரும்புவதில்லை.

2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரப் பேரங்காடியில் 10 பேர் கொல்லப்பட்டபோது, சுடத் தொடங்கி இரண்டு நிமிடங்களுக்குள் நேரலையை நிறுத்திவிட்டதாக, அது ஒளிபரப்பான நேரலைத் தளமான ட்விட்ச் அறிவித்தது. கிறைஸ்ட்சர்ச்சோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். அந்த இரண்டு நிமிடங்களுக்குள் யாரோ திரையைப் பதிவுசெய்துவிட்டார்கள். வேறொரு தளத்தில் ஏறிய ஒரே ஒரு பிரதி நீக்கப்படுவதற்குள் 30 லட்சத்துக்கும் அதிகமான முறை பார்க்கப்பட்டிருந்தது.