களைக்கொல்லி செடியை மட்டும் கொல்வதில்லை

“சார், அது களைக்கொல்லிதானே? பூச்சிமருந்து இல்லையே?”

விஷம் உள்ளே போனவரை எங்கள் வார்டுக்குக் கூட்டி வருகிறவர்களிடம், இந்தப் பருவத்தில் மட்டும் இந்தக் கேள்வியை நான்காவது தடவையாகக் கேட்டுவிட்டேன். கேட்கிறவர்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

கடைசியாக வந்தவருக்கு வயது 42. வரப்பில் களைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர், தாகத்துக்கு மோட்டார் கொட்டகையில் இருந்த கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்து வாயில் ஊற்றியிருக்கிறார். முந்தின வாரம் மீந்துபோன பாராகுவாட் என்ற களைக்கொல்லியை யாரோ அதில் ஊற்றி வைத்திருந்தார்கள். வாய் எரிந்ததும் துப்பிவிட்டார். ஆனாலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. மகனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, வார்டுக்குள் தானே நடந்து வந்தார். நன்றாகப் பேசினார். டீ கிடைக்குமா என்று கேட்டார். அவருடைய சிறுநீரை எடுத்து சோடியம் டைதயோனைட் என்ற வேதிப்பொருளைப் போட்டுப் பார்த்தோம். அடர் நீலமாக மாறியது, பாராகுவாட் நிறைய ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த நிறத்தைப் பார்த்ததும் டியூட்டி நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

மகன் தாவரவியல் படித்தவர். “செடிக்குப் பச்சையம் இருக்கு, அதனால சாகுது. நமக்குத்தான் அது கிடையாதே சார்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த அட்டவணை அது. தாவர செல்லில் செல் சுவர் உண்டு, விலங்கு செல்லில் இல்லை. பசுங்கணிகம் அங்கே உண்டு, இங்கே இல்லை. நுண்குமிழ் அங்கே பெரியது, இங்கே சிறியது. வேறுபடுத்துக என்று கேள்வி வரும், எழுதினால் முழு மதிப்பெண். ஒற்றுமைகளை எழுதுக என்று யாரும் கேட்டதில்லை. செல் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாம் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வரப்புப் புல்லின் செல்லும் என் செல்லும் சுவாசிக்கிற முறை அடிப்படையில் ஒன்றுதான். இரண்டையும் போர்த்தியிருக்கிற சவ்வு ஒரே வகைக் கொழுப்பால் ஆனது. விஷம் வேலை செய்வது பெரும்பாலும் நாம் படிக்காமல் விட்ட இந்தப் பொதுப் பக்கத்தில்தான்.

பாராகுவாட்டுக்குத் தேவைப்படுவது ஓர் எலெக்ட்ரான். இலையில் அதைப் பசுங்கணிகத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் நல்ல வெயிலில் அடித்தால் சில மணி நேரத்திலேயே புல் வாடுகிறது. பிடுங்கிய எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தயாராகிறது. அது தீர்ந்துபோவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உருவாகிற நச்சு ஆக்சிஜன் செல் சவ்வை அரிக்கிறது. பசுங்கணிகம் இல்லாத நம் உடம்பில் அதற்கு எலெக்ட்ரான் கிடைக்காதா? தாராளமாகக் கிடைக்கும். நம் செல்லில் அன்றாட வேலை பார்க்கிற நொதிகளே கொடுத்துவிடும். ஆக்சிஜன் அதிகமாக இருக்கிற இடம் நுரையீரல். காற்றறைகளில் இருக்கிற ஒரு வகை செல்கள் வேறு ஒரு பொருள் என்று ஏமாந்து பாராகுவாட்டை வலிய உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அதன் பிறகு நுரையீரல் தழும்பேறி, பஞ்சாக இருந்தது தோலாக மாறுகிறது.

இதற்கு மாற்று மருந்து இல்லை. இதை எழுதும்போதே கை தயங்குகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குடும்பத்தினருக்குப் புரிய வைக்க நான் மிகவும் கஷ்டப்படுவது இரண்டு விஷயங்களை. முதல் நாள் நோயாளி நன்றாக இருப்பார். “ஆள் தெளிவா இருக்காரே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறையும், வாயும் நாக்கும் புண்ணாகும், அதன் பிறகுதான் மூச்சு வாங்கும். அப்போது திரும்பி வருவார்கள். இன்னொன்று ஆக்சிஜன். மூச்சு வாங்குகிறவருக்கு மாஸ்க் வைக்காமல் டாக்டர் சும்மா நிற்கிறாரே என்று அந்த 42 வயதுக்காரருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அம்மா, அந்த விஷத்துக்குத் தீனியே ஆக்சிஜன்தான். ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்ப இறங்கினா மட்டும்தான் வைக்கணும்” என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது ஒரு மனைவியின் காதில் ஏறுகிற வார்த்தையா? பதினோராம் நாள் அவர் இறந்துபோனார்.

“கிளைபோசேட் நல்லதாமே சார்?” என்று இன்னொரு களைக்கொல்லியைப் பற்றி உடனே கேட்பார்கள். அது தடுக்கிற நொதி தாவரத்தில் பசுங்கணிகத்துக்குள் இருப்பது, நம்மிடம் அது கிடையாது என்பது உண்மை. ஆனால் பாட்டிலில் கிளைபோசேட் மட்டுமா இருக்கிறது? இலையின் மெழுகைத் தாண்டி மருந்து உள்ளே இறங்க ஒட்டும் திரவம் சேர்த்திருக்கிறார்கள். சவ்வைக் கரைப்பதுதான் அதன் குணம். அது இலையின் சவ்வு, குடலின் சவ்வு என்று பார்க்காது. கிளைபோசேட் குடித்து ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் நின்று வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

லேபிளைப் பார்க்கச் சொன்னால், “மண்டை ஓடு இல்லையே” என்கிறார்கள். மண்டை ஓடு போடுவது சிவப்பு முக்கோணத்துக்கு மட்டும். பாராகுவாட்டுக்கு மஞ்சள் முக்கோணம். மஞ்சள் என்றால் கடும் நச்சு என்று பொருள், பரவாயில்லை என்று பொருளல்ல. சுவிட்சர்லாந்து இதை 1989-லேயே விலக்கியது. கேரளம் 2011-இல் தடை செய்தது. இலங்கை முதலில் அடர்த்தியைக் குறைக்க வைத்து, பிறகு முழுக்க நிறுத்தியது. அங்கெல்லாம் விவசாயம் நடக்காமல் போய்விடவில்லை.

இனி வயலில் இறங்குகிறவர்களுக்கு. கூல்டிரிங்ஸ் பாட்டில், தண்ணீர் பாட்டில், குவார்ட்டர் பாட்டில் எதிலும் மீந்த மருந்தை ஊற்றாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். நாசில் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் ஊதுகிறீர்கள்! பழைய பல்துலக்கி ஒன்றை டேங்கோடு கட்டித் தொங்கவிடுங்கள், அது போதும். ஒழுகுகிற டேங்கை முதுகில் மாட்டாதீர்கள். சட்டை நனைந்தால் அந்த நிமிடமே கழற்றி, சோப்புப் போட்டுக் குளியுங்கள். காலில் கையில் புண் இருந்தால் அன்றைக்கு மருந்தடிக்கப் போக வேண்டாம். புண் வழியாக இறங்கியதால் நுரையீரல் போனவர்கள் உண்டு. கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

மருந்துப் பெட்டிக்குப் பூட்டு போடுங்கள், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். இது குழந்தைகளுக்காக மட்டும் சொல்வதல்ல. ஒரு கோபத்தில், ஒரு கடன்காரன் பேச்சில் மனசு உடைந்து கை நீட்டுகிறவர்களும் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். அடுத்த நாளே “நான் பொழைச்சுக்குவேனா டாக்டர்” என்று கேட்கிறார்கள். அந்த அரை மணி நேரம் கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் போதும், அவர்கள் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். வீட்டில் யாராவது ஒரு மாதிரி ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தவறி யாராவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர், சாணிக்கரைசல், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். போன வழியெல்லாம் புண்ணாக்கிய திரவம் அது, வாந்தியில் மறுபடி ஒரு முறை புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் ஏறும். இந்த விஷத்தை மண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், நாங்கள் முல்தானி மட்டியோ கரித்தூளோ கொடுப்பது உண்டு. அதற்காக வீட்டில் மண்ணைக் கரைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். முதல் ஓரிரு மணி நேரம்தான் எங்களால் ஏதாவது செய்யக்கூடிய நேரம். 108-ஐக் கூப்பிடுங்கள், வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். பாட்டிலையும் லேபிளையும் எடுத்து வாருங்கள், இல்லையென்றால் கொட்டகையில் இருப்பவரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் “ஏதோ மருந்து குடிச்சிட்டாரு” என்று சொல்லாதீர்கள். களைக்கொல்லி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள், பாராகுவாட் என்றால் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுக்கப் போகிற கை அங்கேயே நிற்கும்.