விடிந்ததும் அடங்கிவிடும் ‘கொய்ங்’

திருமண வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நண்பர்களோடு மூன்று மணி நேர ஆட்டம். வீடு திரும்பிப் படுத்தால் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஓயாத இரைச்சல். விடிந்ததும் அடங்கிவிடுவதால் காது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

உள்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியின் அதிர்வில் அவற்றின் நுண்மயிர்கள் சாயும்போது நரம்புக்குச் செய்தி போகிறது. பேரொலியில் இச்செல்கள் தளரும்; ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறும். செத்துவிட்டால் மீண்டும் முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளைச் சில மணி நேரம் இரைச்சலில் வைத்தார்கள். கேட்கும் திறன் சில நாட்களில் திரும்பியது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் உயர் சுருதியைக் கேட்கும் பகுதியில், அச்செல்களை நரம்போடு பிணைக்கும் இணைப்புகளில் பாதியளவு அழிந்துபோயிருந்தது. மனிதருக்கும் இப்படி நேரலாம் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. அமைதியான அறையில் நடக்கும் செவித்திறன் சோதனையில் இந்த இழப்பு தெரியாமலே போகலாம்.

வெளியே ஒலியே இல்லாதபோது இரைச்சல் எங்கிருந்து வருகிறது? காதிலிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பது முக்கியமான விளக்கம். நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியின் ஒலியைக் கூட்டினால் கரகரப்பும் கூடுவதுபோலத்தான். சிலருக்கு இந்தக் காது இரைச்சல் அடங்காமலே நிலைத்துவிடுகிறது. அதை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளிது: ஒலியின் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 95 டெசிபலில் ஒன்றேகால் மணி நேரம்; 101 டெசிபலில் இருபது நிமிடம்கூட இல்லை. ஒரே பாட்டுக் கச்சேரியில் வாரக் கணக்கு முழுவதும் தீர்ந்துவிடும். நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இந்த ஆபத்தில் இருப்பதாக அதே நிறுவனம் எச்சரிக்கிறது.

ஒலிபெருக்கியிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பதே பெரிய உதவி. காதில் பஞ்சு திணிப்பதால் அதிகப் பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் அதைவிட மேல். அதை விரலால் மெல்லிய திரியாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் உங்கள் குரலே உங்களுக்குக் கனத்துக் கேட்கும்.