கரண்ட் போய் வந்தால் எழும்பாத போர்ட்டுகள்

யாழ்ப்பாணத்தில் சின்ன லினக்ஸ் போர்ட்டுகளின் (லினக்ஸ் ஓடும் ஒற்றை அட்டைக் கணினிகளின்) பாவனை கூடிக்கொண்டே வருகிறது. தோட்டத்து இறைப்பு மோட்டர், மீன் வைக்கும் குளிர் அறை, கமரா என்று எதற்கும் ஒரு பீகிள்போனோ ஆரஞ்ச் பையோ பூட்டுகிறார்கள். மேசையில் ஒழுங்காக ஓடிய போர்ட், இடத்தில் பூட்டியபின் ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் எழும்பாமல் கிடக்கும். "செத்துப்போச்சு" என்று கழற்றிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் சிப்பும் நல்லாக இருக்கும், லினக்ஸும் நல்லாக இருக்கும். லினக்ஸை ஏற்றிவிட வேண்டிய பூட்லோடர்தான் எங்கோ நின்றுபோயிருக்கும். இணையத்தில் எடுத்த இமேஜில் (கார்டில் அப்படியே எழுதும் முழு மென்பொருள் கோப்பில்) அது எப்படி வந்ததோ அப்படியே தோட்டம்வரை போயிருக்கும்.

மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட் ரொம். வெளியே இருக்கும் டிடிஆர் என்ற பிரதான நினைவகத்தை இயக்க அதற்குத் தெரியாது. சிப்பின் உள்நினைவகத்தில் கொள்ளக்கூடியதை மட்டும் ஏற்றும். பீகிள்போன் பிளாக்கின் ஏஎம்335எக்ஸ் சிப்பில் அந்த எல்லை 109 கிலோபைட். இந்தப் போர்ட்டுகளின் பூட்லோடரான யூ-பூட் முழுதாக அதற்குள் அடங்காது. அதனால்தான் எஸ்பிஎல் என்ற இரண்டாம் கட்டம். பீகிள்போனில் எம்எல்ஓ என்ற கோப்பாக இருப்பது இதுதான். கடிகாரங்களையும் டிடிஆரையும் தயார்செய்து, முழு யூ-பூட்டை அதில் ஏற்றிவிடுவது இதன் வேலை. ஆல்வின்னர் சிப் உள்ள ஆரஞ்ச் பைகளில் எஸ்பிஎல் கோப்பாக இருக்காது. எஸ்டி கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி நேரடியாக எழுதப்பட்டிருக்கும். கோப்புகளை மட்டும் புதுக் கார்டுக்கு நகலெடுத்துவிட்டு "பூட் ஆகுதில்லை" என்று தலையைப் பிய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யூ-பூட்டை நீங்களே மூலநிரலிலிருந்து கட்டுவது பெரிய வேலையில்லை. உபுண்டு போட்ட லப்டொப், ஆர்ம் சிப்புக்கான நிரலை லப்டொப்பிலேயே ஆக்கும் கிராஸ் கம்பைலர், போர்ட்டுக்குரிய டெஃப்கான்ஃபிக் என்ற இயல்பு அமைப்புக் கோப்பு, அவ்வளவுதான். எஸ்பிஎல்லையும் யூ-பூட்டையும் ஒரே கட்டலில் எடுத்து ஒன்றாகவே மாற்றுங்கள். மினக்கெட வேண்டியது அமைப்புகளைத் தெரிவுசெய்யும் மெனுகான்ஃபிக்கில்.

அச்சுவேலிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சொல்கிறேன். கன்சோலுக்குரிய (யூ-பூட் செய்தி காட்டி, கட்டளை வாங்கும்) சீரியல் இணைப்பிலேயே ஜிஎஸ்எம் மோடத்தையும் இணைத்திருந்தார்கள். கையால் மீள இயக்கினால் ஒவ்வொரு முறையும் எழும்பும். கரண்ட் போய் வந்தால் மட்டும் எழும்பாது. காரணம் இதுதான்: மின்சாரம் வரும்போது மோடமும் கூடவே விழித்து, தான் தயார் என்று ஒரு வரி அனுப்புகிறது. அந்த நேரம் யூ-பூட், யாராவது விசை அழுத்தி நிறுத்துகிறார்களா என்று பார்க்கும் தன் கவுண்ட்டவுனில் நிற்கிறது. யாரோ விசையை அழுத்திவிட்டார்கள் என்று எண்ணி, லினக்ஸை ஏற்றாமல் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. மோடம் இல்லாத இடத்திலும் இது நடக்கும். சீரியலின் உள்வரும் பின் எங்கும் இணையாமல் மிதந்தாலோ, நீளமான வயரோடு தொங்கினாலோ, மோட்டர் கிளப்பும் மின் இரைச்சல்கூட ஓர் எழுத்தாகத் தெரியலாம்.

அந்தக் கவுண்ட்டவுன் நேரமான பூட்-டிலேயை 0 ஆக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 0 என்றால் காத்திருப்பு இல்லை, ஆனால் விசை வந்திருந்தால் அப்போதும் நிற்கும். -2 கொடுத்தால்தான் விசையைப் பார்க்கவே பார்க்காது. பின்னாளில் உள்ளே போக வழி வேண்டும் என்றால், குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால் மட்டும் நிற்கும்படி ஆட்டோபூட் கீடு வசதியைப் போடுங்கள். நான் அதைத்தான் போடுவேன். பழைய என்விரான்மென்ட் (யூ-பூட் தன் அமைப்பு மாறிகளைச் சேமிக்கும் இடம்) கார்டில் இருந்தால் அதிலுள்ள பூட்-டிலேதான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது அந்த என்விரான்மென்ட். எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாது, யூ-பூட் தன் இயல்பு அமைப்புக்குத் திரும்பிவிடும், உங்கள் மாற்றம் எல்லாம் போச்சு. இரட்டைப் பிரதி வைக்கும் வசதியை இயக்கினால் மாறி மாறி எழுதும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதை இயக்காமல் போர்ட் கொடுப்பது சரியில்லை.

தூர இருந்து அப்டேட் செய்பவர்கள் பூட்கவுண்டையும் (பூட் முயற்சிகளின் எண்ணிக்கை) பூட்லிமிட்டையும் (அதன் எல்லை) கட்டாயம் பாவியுங்கள். எல்லையைத் தாண்டினால் யூ-பூட், ஆல்ட்-பூட்சிஎம்டி என்ற மாற்றுக் கட்டளையை ஓட்டும்; அதில் நீங்கள் எழுதியபடி பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) போகும். லினக்ஸ் நல்லபடி எழுந்ததும் எண்ணிக்கையை 0 ஆக்குவது உங்கள் பொறுப்பு. எண்ணிக்கையை என்விரான்மென்டில் வைத்தால், அப்கிரேட் அவெய்லபிள் என்ற மாறி 1 ஆக இருக்கும்போதுதான் அது சேமிக்கப்படும்.

எழும்பாத போர்ட்டை வீசுவதற்குமுன் ஒரு 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் வயரைக் கொழுவி, 115200 வேகத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். 5 வோல்ட் வயரைக் கொழுவினால் உண்மையிலேயே செத்துவிடலாம். எஸ்பிஎல்லின் வரிகூட வராவிட்டால் பீகிள்போன் பிளாக்கில் எஸ்2 பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்யலாம். ஆல்வின்னர் என்றால் பூட் செய்ய எதுவும் கிடைக்காதபோது தானாகவே ஃபெல் என்ற மீட்பு நிலைக்குப் போகும். யூஎஸ்பி வழியே புது எஸ்பிஎல்லை ஏற்றிவிடலாம்.