மீட்டர் 12 காட்டும், விளக்கு மங்கும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் ஒருமுறையாவது இந்தக் குழப்பத்தில் மாட்டியிருப்பார்கள். ஹெட்லைட் தூங்கி வழிவதுபோல மங்கலாக எரிகிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் சுத்தமாக 12 வோல்ட். பல்பைத் திரும்ப மாட்டினால் அதே மங்கல். பேட்டரி புதுசு, பல்பு புதுசு, மீட்டரிலும் கோளாறு இல்லை. அப்படியானால் மின்சாரம் எங்கே போகிறது?

வழியிலேயே செலவாகிவிடுகிறது. பேட்டரியிலிருந்து விளக்குவரை ஒரே வயர் போவதில்லை. லைட் சுவிட்ச், டிப் சுவிட்ச், நடுவில் நாலைந்து இணைப்புகள் என்று துண்டு துண்டான பாதை அது. ஐம்பது வருடம் ஆன காரில் ஒவ்வொரு இணைப்பிலும் செம்பின் மேல் கறுப்பாகவோ பச்சையாகவோ ஒரு படலம் ஏறியிருக்கும். எல்லாம் சேர்ந்து வெறும் 0.2 ஓம் தடை என்றே வைத்துக்கொள்வோம். 55 வாட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் பெருக்கினால், கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே காலி. இரண்டு ஹெட்லைட்டுக்கும் அதே பாதைதான் என்றால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பு.

மீட்டர் மட்டும் ஏன் முழு 12 காட்டியது? டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஓட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. பத்துப் பதினைந்து இழைகள் அறுந்து ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரிடம் நல்ல பெயர் வாங்கிவிடும்.

ஒரு வோல்ட்தானே என்று தோன்றலாம். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, சுமார் 3.4 அடுக்கில் சரியும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். 6 வோல்ட் கார்களின் நிலைமை இன்னும் பரிதாபம். அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் தேவை, அதனால் இழப்பும் இரண்டு மடங்கு, அதையும் பாதி வோல்ட்டிலிருந்து கழிக்க வேண்டும். விகிதத்தில் பார்த்தால் நாலு மடங்கு அடி.

இதுவரை சொன்னது செம்பின் கதை. வயரின் தோல் வேறு விதமாகச் சாகிறது. அந்தக் காலத்து வயர்களில் ரப்பர் உறையும் அதன் மேல் பருத்தி நூல் பின்னலும் இருந்தன. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கெட்டியாக்கி, கடைசியில் விரல் பட்டாலே உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பிறகு வந்த பிவிசி உறைக்குச் சாகாவரம் கிடைத்துவிடவில்லை. அதை வளையவைப்பதற்காகக் கலந்த எண்ணெய் போன்ற பொருள், எஞ்சின் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். மிஞ்சுவது முறுகிப்போன பிளாஸ்டிக்.

உறை விரிசல் விட்டு செம்பு பாடியில் பட்டால் ஷார்ட். கார் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்தான் என்பதால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு மெல்லிய வயரில் பாயும். அதைத் தடுக்க ஃபியூஸ் இருக்குமே என்றால், அங்கேதான் சிக்கல். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான், ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. ஃபியூஸின் வேலை வயரைக் காப்பது. அது இல்லாத இடத்தில் வயரே ஃபியூஸாக உருகும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு.

இந்த நிலையில் அங்கங்கே வெட்டி ஒட்டுப் போடுவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. ஒவ்வொரு ஒட்டும் இன்னொரு இணைப்பு, இன்னொரு தடை. ஹார்னஸை, அதாவது காரின் வயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டை, மொத்தமாக மாற்றுவதுதான் சரி.

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. அப்புறம் ஒவ்வொரு முனையையும் போட்டோ எடுத்து, சீட்டு கட்டி, அதன் பிறகே பழைய ஹார்னஸை எடுக்க வேண்டும். அதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. பலகையில் விரித்து ஆணி அடித்துவைத்தால், எந்த வயர் எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. பாடிக்குள் குகைபோலப் போகும் இடங்களில், பழையதை உருவும்போதே அதன் வாலில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள். புதியதை இழுக்க அந்தக் கயிறு உதவும்.

நிறங்களுக்கு மொழி உண்டு. பிரிட்டிஷ் முறையில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் சப்ளை, வெள்ளை என்றால் சாவி திருப்பியபின் வருவது, பச்சை என்றால் அதுவே ஃபியூஸைத் தாண்டியபின், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த், அதாவது பாடியோடு சேரும் இணைப்பு. ஜெர்மானியர்கள் முனைகளுக்கு எண் கொடுத்தார்கள்: 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த். கையில் கிடைத்த நிறத்தில் வயர் போடுபவர், அடுத்து அந்த டேஷ்போர்டுக்கு அடியில் படுக்கப்போகிறவரின் சாபத்தை வாங்கிக்கொள்வார். அநேகமாக அவரே அந்த ஆளாகவும் இருப்பார்.

வயரின் தடிமன் 14/0.30 என்பதுபோலக் குறிக்கப்படும்: 0.30 மில்லிமீட்டர் இழைகள் 14, மொத்தம் ஏறக்குறைய 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஒரே கம்பியாக இல்லாமல் இழைகளாக இருப்பதற்குக் காரணம் அதிர்வு. தடித்த ஒற்றைக் கம்பி ஆடி ஆடி முறிந்துவிடும். முனைகளில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட நல்ல கருவியால் கிரிம்ப் செய்வது (லக் என்ற உலோக முனையை வயரின் மேல் வைத்து நசுக்கி இறுக்குவது) மேல் என்பதற்கும் அதுவே காரணம். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி, வயரின் அந்தப் பகுதியை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு வந்து உட்காரும். சரியான அழுத்தத்தில் கிரிம்ப் செய்தாலோ, இழைகளும் லக்கும் காற்றுப் புகாத அளவு நெருங்கிவிடுவதால் படலம் ஏற வழியில்லை.

எர்த்தை மறந்தால் இத்தனையும் வீண். காரில் பாதி சர்க்யூட் பாடிதான். மின்சாரம் திரும்பிப் போவது அதன் வழியேதான். புது பெயின்ட் அடித்த காரில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் இருக்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது என்றால், திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த பல்பு வழியே குறுக்குச் சந்தில் போகிறது என்று பொருள். அந்த இடங்களைப் பளபளக்கும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் பேட்டரியை நேராக இணைக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் பேட்டரிக்கும் காருக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், 2 ஆம்பியருக்கு மேல் விடாது, வயரும் பிழைக்கும். கதவு விளக்கு போன்றவை அணைந்திருக்க, எல்லா சுவிட்சும் ஆஃபில் பல்பு எரியாவிட்டால் அதை எடுத்துவிட்டு நேராக இணைக்கலாம்.

இப்போது மறுபடியும் மீட்டர். இம்முறை ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, ஒரு முனையை பேட்டரியின் சப்ளை முனையிலும் மறுமுனையை அந்தப் பல்புக்கு சப்ளை வரும் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட் மட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் அந்தப் படலம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.