கீஸ்டோன்: கல்லா, சரிவகமா?

மொரீஷியஸில் ப்ரொஜெக்டரின் மெனுவை ஆங்கிலத்தில் வைத்தால், கோணலாக விழும் படத்தை நேராக்கும் பொத்தானின் பெயர் 'கீஸ்டோன்' என்று வரும். பிரெஞ்சுக்கு மாற்றினால் அதே இடத்தில் 'த்ராபேஸ்'. கோவில் மண்டபத்தில் தேவார வரிகளை ரோமன் எழுத்தில் திரையில் காட்டுகிறவர்களுக்கு இரண்டும் பழகிய சொற்கள். தமிழில் என்ன என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள்.

கீஸ்டோன் கட்டடக்காரர்களின் சொல். கல்வளைவின் உச்சியில் கடைசியாகச் செருகும் ஆப்பு வடிவக் கல் அது. மேலே அகலம், கீழே குறுகல். 'சாவிக்கல்' என்று பெயர்த்தால் பூட்டைத் தேட வேண்டிவரும். 'மூலைக்கல்' அதைவிடப் பிழை. அது சுவரின் அடியில் கிடப்பது. தாழ்ந்த மேசையில் வைத்து முகத்தைச் சற்றுத் தூக்கிய ப்ரொஜெக்டரிலிருந்து திரையின் மேற்பகுதிக்குச் செல்லும் ஒளி அதிக தூரம் போய், அதிகமாக விரிகிறது. படத்தின் மேல்விளிம்பு அகன்று அந்த உச்சிக்கல்லைப் போலவே தோன்றும். உருவ ஒற்றுமை தவிர இரண்டுக்கும் வேறு உறவு இல்லை.

த்ராபேஸின் மூலம் கிரேக்கத்தில் மேசையைக் குறிக்கும் சொல். வடிவியலில் அதற்கு நம் பாடநூல்களில் சரிவகம் என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அந்தப் பொத்தானுக்குச் 'சரிவகத் திருத்தம்' என்று எழுதுவேன். ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு நமக்கு நேர்வழி காட்டும் அபூர்வ இடங்களில் இது ஒன்று.

ஆனால் கருவியைப் பக்கவாட்டிலும் திருப்பி வைத்தால் விழுவது சரிவகம்கூட அல்ல, எந்தப் பக்கமும் இணையாக இல்லாத கோணல் நாற்கரம். சாய்வை மட்டும் உணரும் கருவிக்கு இது தெரியாது. 'தானியங்கி' என்று விற்கப்படுபவை எல்லாம் சுவரைப் பார்ப்பவை அல்ல. இங்கேதான் சுவரில் விழும் படத்தைப் பார்க்கும் கேமரா வருகிறது. (லத்தீனில் 'கேமரா' என்றால் வளைந்த கூரை கொண்ட அறை. கீஸ்டோன், கேமரா இரண்டு சொற்களும் கல்வளைவின் கீழ்தான் சந்திக்கின்றன.)

ப்ரொஜெக்டர் சில அடையாளப் புள்ளிகளை வீசுகிறது. அவை சுவரில் எங்கே விழுந்தன என்று கேமரா பார்க்கிறது. சுவர் தட்டையாக இருந்தால் நான்கு புள்ளிகளே போதும், கணக்கு முடிந்துவிடும். திரையின் நான்கு ஓரங்களும் கேமராவுக்குத் தெரிந்தால் படத்தை அதற்குள் சரியாகப் பொருத்தலாம். தூணோ வளைந்த சுவரோ குறுக்கிட்டால் நான்கு போதாது. அப்போது கறுப்பு வெள்ளைப் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வீசி, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் (பிக்சல்) ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளியில் அடுத்தடுத்து விழும் கறுப்பு வெள்ளை வரிசையே அதன் எண்; ஒவ்வொரு படமும் எண்ணக்கூடிய அளவை இரட்டிப்பாக்கும். 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ப்ரொஜெக்டரில் 1920 நிரல்களுக்கு 11 பட்டைப் படங்கள். 1080 நிரைகளுக்கும் 11தான், ஏனென்றால் 10 படங்கள் 1024 வரைதான் எண்ணும். அமெரிக்காவின் தொலைபேசி ஆராய்ச்சி நிலையமான பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1953இல் காப்புரிமை பெற்ற குறியீடு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது: அடுத்தடுத்த எண்களில் ஓர் இலக்கம் மட்டுமே மாறுவதால், பட்டையின் ஓரத்தில் கேமரா தடுமாறினாலும் பிழை ஒரு படியைத் தாண்டாது.

இதற்கு விலையும் உண்டு. அகன்ற பகுதியைக் குறுக்கும்போது அங்கே உள்ள படப்புள்ளிகள் சில அணைகின்றன. எழுத்துகளின் கூர்மை மங்குகிறது. சிறிய எழுத்தில் பாடல் வரி காட்டுபவர்கள் முதலில் மேசையை நகர்த்திப் பார்ப்பதே நல்லது.

கேமரா நிறத்தையும் திருத்தும். மஞ்சள் பூசிய சுவரில் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நீலத்தைக் கூட்டும் அல்லது மற்ற நிறங்களைக் குறைக்கும். ஆனால் ப்ரொஜெக்டரால் ஒளியைச் சேர்க்கத்தான் முடியும், இருட்டை வீச முடியாது. படத்தில் கறுப்பு என்பது விளக்கொளி படாத சுவரின் நிறமே.

வடிவம், நிறம் இரண்டையும் தொடுவதால் இந்த வேலை முழுவதற்கும் சரிவகத் திருத்தம் என்ற பெயர் குறுகலானது. 'கேமராவழிப் படச்சீராக்கம்' பொருந்தும். கேமராவை 'ஒளிப்படக் கருவி' ஆக்கினால் தொடர் நீளுமே தவிரப் பொருள் தெளியாது.