டையூரெடிக் – சிறுநீர்ப்பெருக்கி

பிரஷர் மாத்திரை அட்டையில் டெல்மிசார்டான் என்ற பெயரை அடுத்து ‘எச்’ என்ற எழுத்தும், 40/12.5 என்ற எண்ணும் இருந்தால், அந்த 12.5 மில்லிகிராம் ஹைட்ரோகுளோரோதயசைடு. ‘சிடி’ என்றிருந்தால் குளோர்தலிடோன். இரண்டும் டையூரெடிக் வகை.

கிரேக்கத்தில் ‘டியா’ என்றால் ஊடாக, ‘ஊரோன்’ என்றால் சிறுநீர். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. தமிழில் சிறுநீர்ப்பெருக்கி. நெருஞ்சில், சிறுபீளை ஆகியவற்றின் செய்கையைக் குறிக்கச் சித்த மருத்துவத்திலும் இதே சொல்தான். பேச்சில் ‘நீர் மாத்திரை’.

பொருத்தமான சொல்தான், ஆனால் பிரஷர் விஷயத்தில் பாதியைத்தான் சொல்கிறது. மேலே சொன்ன இரண்டும் அடங்கும் தயசைடு வகை மருந்துகள் சிறுநீரக நுண்குழாயில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. உப்பு வெளியேறும்போது நீரும் கூடவே போகிறது. சில வாரங்களில் உடலின் நீரளவு ஏறக்குறைய பழையபடி ஆகிவிடும். அழுத்தம் மட்டும் ஏறாது, காரணம் இரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்ந்திருக்கும். ஆகவே ‘யூரின் அதிகம் போகலையே’ என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஊறுகாயும் கருவாடும் தினமும் தட்டில் இருந்தால்தான் அதன் வேலை கெடும்.

ஃபுரோசமைடும் சிறுநீர்ப்பெருக்கிதான். ஆனால் வாய்வழி எடுத்தால் ஏறத்தாழ ஆறு மணி நேரமே வேலை செய்யும். இதயச் செயலிழப்பில் வரும் வீக்கத்துக்கு ஏற்றது. வெறும் பிரஷருக்கு முதல் தேர்வு அல்ல.

குளோர்தலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் என்ற மூன்று பிரஷர் மருந்துகளையும் 33,000-க்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்ட ஆல்ஹேட் ஆய்வு 2002-இல் வெளியானது. மாரடைப்பில் வேறுபாடு இல்லை. இதயச் செயலிழப்பு குளோர்தலிடோன் குழுவில்தான் குறைவு. பழைய, மலிவான மருந்து என்று ஒதுக்குவது சரியல்ல. லிசினோபிரிலில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். டெல்மிசார்டான் போன்ற சார்டான்களில் அது அரிது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினால் நீர் மாத்திரை சேர்ப்பது பெரிதாக உதவாது. அது உடலில் நீர் தேங்கியதால் வந்த வீக்கம் அல்ல, விரிந்த நுண்தமனிகளால் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிவதால் வருவது. அளவைக் குறைப்பதோ சார்டான் சேர்ப்பதோ உதவும்.

தயசைடு காலையில் எடுப்பது நல்லது, இரவுத் தூக்கம் கெடாது. தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால், தள்ளாடினால், முதலில் சோடியம் குறைந்துவிட்டதோ என்று சந்தேகிக்கலாம். யூரிக் அமிலம் ஏறி கௌட் என்ற மூட்டு அழற்சி வரலாம். ‘எச்’ மாத்திரை எடுப்பவர் மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.